பூப்பெட்டிக்குப் பூட்டு

அமாவாசை என்றால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு விடுமுறை, பெண்களுக்கு இரட்டை வேலை. திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருந்த வீடுகள் பலவற்றிலும் அப்படித்தான். அன்றைக்கு யாரும் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். சுத்தியல், தகரம் வெட்டும் கத்தரி, ஈயம் பற்றவைக்கும் கோல் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு, மறுநாள் விடியும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். கரண்டியும் அரிவாள்மனையும் ஆயுதத்தில் சேர்த்தி இல்லை போலும். அமாவாசைக்கு அவற்றைச் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை.

நயா பைசா வந்த புதிதில் நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வீடு. முன்பக்கம் தகரப் பட்டறை, பின்பக்கம் அடுப்படி, இரண்டுக்கும் நடுவே கூடம். பட்டறை என் கணவரின் அண்ணனுடையது. எனக்கு அவர் மூத்தார். என் கணவர் அதில் வேலை பார்த்தார். தம்பி என்பதால் கூலி கிடையாது. தம்பிதானே என்பதால் பங்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் சோறு உண்டு.

மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, பேசவும் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விட வேண்டும். அவருக்கு என்னிடம் ஏதாவது ஆகவேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "தண்ணி வேணும்" என்று சுவரிடம் கேட்பார். சுவருக்குப் பதிலாக நான் செம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். வந்த புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப்போகச் சிரிப்பு போய்விட்டது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோளாறு உண்டு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன என்று மனசு கிளம்பிவிடும். எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டம் ஊருக்கே தெரிந்தது. குடம் குடமாகச் சுமந்து இடுப்பில் காய்ப்புக் காய்த்தவர்களில் நானும் ஒருத்தி. இடுப்பு உருண்டையாக இல்லையே, குடம் மட்டும் ஏன் உருண்டையாக இருக்கிறது? ஒரு பக்கம் உள்வாங்கினாற்போல் செய்தால் இடுப்போடு ஒட்டி உட்காராதா? குடையில் வழிகிற மழை ஏன் எல்லாப் பக்கமும் வழிகிறது? ஒரே பக்கமாக வழிந்தால் நடந்துகொண்டே ஒரு வாளி பிடித்துக்கொள்ளலாமே? இப்படி ஓடும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது தோழிகளிடம் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். எதைச் சொன்னாலும் "ம்" என்று கேட்பார்.

மூத்தார் ஒருமுறை தகரம் வாங்க மெட்ராஸுக்குப் போய்வந்தார். அங்கே யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: பெரிய கம்பெனிகளில் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, மனசில் தோன்றுவதை எல்லாம் அப்படியே சொல்லச் சொல்வார்களாம், ஒருவர் சொன்னதை மற்றவர் மட்டம் தட்டக் கூடாதாம், புதுப்புதுச் சாமான்கள் எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றனவாம். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. எங்கள் பட்டறையில் செய்த வாளியும் டிரங்குப் பெட்டியும் அடுத்த சந்துப் பட்டறையிலும் கிடைத்தன. புதிதாக எதையாவது செய்தால்தான் பிழைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வேலை நாளில் ஆட்களை உட்கார வைத்தால் வேலை கெடும். அதனால் அமாவாசையைப் பிடித்தார். ஆயுதத்தைத் தொடவில்லை, ஆகவே அது வேலை இல்லை. வேலை இல்லை, ஆகவே கூலி இல்லை. வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியது. இரண்டே சட்டம் போட்டார். யார் எதைச் சொன்னாலும் 'ஆகாது' என்று இன்னொருவர் சொல்லக் கூடாது. சொன்னது யார் என்று பின்னால் கேட்கக் கூடாது, அமாவாசைப் பேச்சு பொதுப் பேச்சு.

"வாய்க்கு வந்ததச் சொல்லுங்கப்பா. கூச்சப்படாதீங்க" என்று மூத்தார் ஊக்கப்படுத்துவார். அவர்கள் வாய்க்கு வாளிதான் வந்தது. பெரிய வாளி, சின்ன வாளி, மூடி போட்ட வாளி. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வடை மாவைத் தட்டிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார எனக்கு இருந்த ஆசையைப்போல் நகைக்கும் புடவைக்கும் நான் ஆசைப்பட்டதில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, ஒருநாள் என்னைக் கவனித்துவிட்டார்.

"என்னத்தா கதவுல காத வச்சுக்கிட்டு நிக்கிற? வட கருகுது பாரு."

"ஒன்னுமில்லக்கா."

"அவுக பேசுறது நமக்கெதுக்கு? வெஞ்சனச் சட்டிய எறக்கு."

என் குடத்தைக் கணவர் ஓர் அமாவாசையில் தாம் யோசித்ததுபோலச் சொன்னார். "இடுப்புக்கு ஏத்த மாதிரி குடமா? யாரு இடுப்ப அளந்த?" என்று ஒருவர் கேட்க, கூடமே சிரித்தது. ஆகாது என்று சொல்லத்தான் தடை, சிரிக்கத் தடை இல்லை. குடம் அங்கேயே செத்தது.

அடுத்த கோடை தொடங்கும்போதே நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் மூத்தாரைப் பார்க்க வந்தார். விடிவதற்குள் பறித்த மல்லிகையைக் கூடைகளில் கட்டி, பஸ் கூரையில் ஏற்றித் திண்டுக்கல் வழியாகத் திருச்சிக்கு அனுப்புகிறவர். பாதிக் கூடை போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிடுகிறது, தகரத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். மறுநாள் அமாவாசை. ஆயுதங்களுக்குச் சாத்த இருக்கட்டும் என்று கொண்டுவந்த கூடையை வைத்துவிட்டுப் போனார்.

மொட்டுகளைத் தொடுக்க நான் உட்கார்ந்தேன். மேலே இருந்தவை குளுகுளுவென்று இருந்தன. கையை உள்ளே விட்டேன். நடுக்கூடையில், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டதுபோலச் சுட்டது. வெயில் படாமல் வீட்டுக்குள் இருந்த கூடை அது. அப்படியானால் சூடு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பூக்கள் ஒன்றையொன்று நெருக்கி, தங்களுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தன. கூட்டுக் குடும்பம்தானே அதுவும்.

என் கோளாறு கிளம்பிவிட்டது. பூவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே கொண்டுபோனால்? துணி உலர்த்துவதுபோல் பஸ்ஸுக்கு வெளியே கொடி கட்டித் தொங்கவிட்டால்? ஒரு கிணற்றைக் கையோடு தூக்கிக்கொண்டு போக முடிந்தால்? எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. பைத்தியக்காரத்தனமாகப் போய்க்கொண்டே இருந்தால் எங்காவது கால் தட்டும் என்று எனக்குப் பழக்கம். அன்றைக்கு அடுப்படியில் தட்டியது. விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தகரக் குழாய் வழியாகப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறதே, பூவுக்கும் ஒன்று வைத்தால் என்ன?

மறுநாள் அமாவாசைக்குக் கூடத்தில் வழக்கம்போல் வாளிப் பேச்சுதான் நடந்தது. அதற்கப்புறம் ஒரு பகலில், மூத்தார் வெளியே போயிருந்தபோது, கணவரும் நானும் பின்கட்டில் உட்கார்ந்து அதைச் செய்தோம். உயரமான தகர டின். நடுவில் அடியிலிருந்து வாய்வரை ஒரு குழாய். குழாய் முழுக்க ஆணியால் குத்திய ஓட்டைகள். டின்னின் பக்கங்களிலும் ஓட்டைகள். அடியில் காற்றுப் போக நாலு கால். வெளியே சுற்றிக்கொள்ள நனைத்த சாக்கு. நான் சொல்லச் சொல்ல அவர் வெட்டினார், வளைத்தார், ஈயம் பற்றவைத்தார். "இங்கெயா? இம்புட்டுப் போதுமா?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். அந்த வீட்டில் நான் மனசாரச் சந்தோஷப்பட்ட பகல் அது ஒன்றுதான் என்று சொன்னால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

"எனக்கு ஒன்னே ஒன்னு செய்யணும் நீங்க" என்றேன்.

"என்ன?"

"அந்தக் கூடத்துல, அம்புட்டுப் பேருக்கு முன்னால, இது என் வீட்டுக்காரி சொன்னதுன்னு ஒரு தடவ சொல்லணும். அது போதும் எனக்கு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

கணவர் டின்னைக் காட்ட, மூத்தார் அதை வியாபாரியிடம் கொடுத்தார். வியாபாரி அந்த டின்னையும் ஒரு கூடையையும் ஒரே பஸ்ஸில் ஏற்றித் திருச்சிக்குக் கூடவே போனார். திரும்பி வந்து கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

"பறிச்ச மேனிக்கு இருக்குய்யா! கூடைப் பூ கருத்துப்போச்சு. இது அப்பப் பறிச்சாப்புல இருக்கு. நடுவுல கொழாயி வச்சியே, அங்கதான்யா இருக்கு சூட்சுமம்!"

"எல்லாம் அமாவாசப் பேச்சுல வந்ததுதான்" என்று மூத்தார் பெருமையாகச் சொன்னார். அமாவாசைப் பேச்சில் அது வரவே இல்லை. என் கணவர் பக்கத்தில்தான் நின்றார்.

நான் அவரை விடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை, சாப்பிட்டுக் கை கழுவ வரும்போது கேட்பேன். "இன்னிக்குச் சொன்னீங்களா?"

"செத்த நேரம் பொறுக்க மாட்டியா? அண்ணன் நல்ல மூடுல இருக்கப்பச் சொல்றேன்."

அண்ணன் நல்ல மூடில்தான் இருந்தார். நிலக்கோட்டையிலிருந்து வேறு வியாபாரிகளும் பெட்டி கேட்டு வந்துவிட்டார்கள். வெறும் டின்னாக இருந்தது இப்போது 'பூப்பெட்டி' ஆகிவிட்டது. எல்லாருக்கும் சேர்த்துச் செய்ய ஆரம்பிக்கும் முன்னால் ஓர் அமாவாசையில், இதை இன்னும் எப்படிச் சிறப்பாக்கலாம் என்று மூத்தார் பேச்சை எடுத்தார். அன்றைக்கு முதல்முறையாக அவரே ஒரு யோசனை சொன்னார்.

பஸ் கூரையில் ஏறுகிறவர்கள் கூடைக்குள் கைவிட்டுப் பூவை அள்ளிக்கொள்கிறார்களாம். அதனால் பெட்டிக்கு மூடி வைத்து, நாதாங்கி அடித்து, பூட்டுப் போட்டுவிட வேண்டுமாம்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும், அதில் பூட்டை எங்கே மாட்டலாம் என்றுதான் முதலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பூட்டுச் செய்தே பிழைத்த ஊர், அந்தப் புத்தி ரத்தத்தில் ஊறிவிட்டது. கூடம் முழுக்க ஒரே ஆரவாரம். எதிர்ச் சந்தில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த சிநேகிதரிடம் சொல்லிச் சின்னதாக ஒரு பூட்டே தனியாகச் செய்யச் சொல்லலாம் என்றார்கள். பிறகு ஒருவர், பூட்டுப் போட்ட பெட்டியில் பக்கமெல்லாம் ஓட்டை இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்றார். ஓட்டை போயிற்று. நடுக் குழாய் இடத்தை அடைக்கிறது, அதை எடுத்துவிட்டால் இன்னும் ரெண்டு படி பூ கொள்ளும் என்றார் இன்னொருவர். குழாயும் போயிற்று. நனைத்த சாக்கைச் சுற்றினால் பெயிண்ட் தெரியாது என்று சாக்கும் போயிற்று. ஓர் உருப்படியான யோசனையைக் கொன்றுபோட அவர்களுக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

அன்றைக்குக் கை கழுவ வந்தவரிடம் நான் கத்தியேவிட்டேன். "கொழாய எடுத்தாப் பூ வெந்துபோகும்னு உங்களுக்குத் தெரியாதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"ஆகாதுன்னு சொல்லக் கூடாதுல்ல. அதான சட்டம்" என்றார் அவர்.

கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார். வேலைக்காரன் மனசில் தோன்றுவதைப் பயமில்லாமல் சொல்லட்டும் என்று போட்ட சட்டம், முதலாளியின் அசட்டுத்தனத்துக்குக் காவல் நின்றது. என் குடத்தைக் காப்பாற்றாத சட்டம் அவர் பூட்டைக் காப்பாற்றியது.

பெட்டிகள் பார்க்க அழகாகவே இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். பச்சைப் பெயிண்ட், மூடியில் ஒரு மல்லிகைக் கொத்துப் படம், பளபளவென்று பித்தளைப் பூட்டு. வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு வியாபாரிகள் அவற்றில்தான் பூவை அடைத்தார்கள். எங்களைத் தேடிவந்த முதல் வியாபாரியும் குழாய் எங்கே என்று கேட்டுவிட்டு, ரெண்டு படி கூடக் கொள்ளும் என்றதும் சும்மா இருந்துவிட்டார். பகல் வெயிலில் பஸ் கூரையில் இருந்த பெட்டிகளைத் திருச்சியில் திறந்தபோது, கீரை அவித்த வாடை அடித்ததாம். கல்யாண வீடுகளுக்குப் பூ இல்லை.

வியாபாரிகள் பெட்டிகளோடு வந்து கூடத்தில் இறக்கினார்கள். முதல் வியாபாரிதான் கூச்சல் போட்டார். "அம்புட்டும் வெந்துபோச்சுய்யா! எத்தன கல்யாணம்! எவன்யா இந்த யோசன சொன்னது?"

சொன்னது யார் என்று கேட்கக் கூடாது என்பது மூத்தார் போட்ட சட்டம். அன்றைக்கு அவரே கேட்டார். "ஏலே தம்பி, இந்தப் பூப்பெட்டி யோசன முதல்ல யாரு சொன்னது? நாஞ் சொன்னேனா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பட்டறை ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். வியாபாரிகள் இருந்தார்கள். நான் ஆசைப்பட்ட சபை மொத்தமும் கூடியிருந்தது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். "என் வீட்டுக்காரி சொன்னதுண்ணே" என்றார்.

நான் கேட்ட வார்த்தையே. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பொம்பள பேச்சக் கேட்டா இப்படித்தான்" என்றார் மூத்தார். அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. "கூப்புடு அவள."

நான் கூடத்துக்கு வந்தேன். அதுவரை பெருக்கவும் துடைக்கவும் செம்பு வைக்கவும் மட்டுமே வந்த இடம். சுவரைப் பார்க்காமல் மூத்தாரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "நான் சொன்ன பெட்டியில நடுவுல கொழாய் இருந்துச்சு. பக்கத்துல ஓட்ட இருந்துச்சு. நனச்ச சாக்கு இருந்துச்சு. பூட்டு இல்ல. இவுகளக் கேளுங்க, மொதப் பெட்டியத் திருச்சிவரைக்கும் கொண்டுபோனவுக இவுகதான்."

முதல் வியாபாரி தரையைப் பார்த்தார். நஷ்டத்தைக் கேட்டு வாங்க வேண்டியது அவருக்கு மூத்தாரிடம். என்னிடம் அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. சூட்சுமம் என்று அவர் வாயால் சொன்ன குழாய் அவருக்கு மறந்துபோய்விட்டது.

"பாத்தீங்களாய்யா வாய?" என்று மூத்தார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "மூத்தார்னு ஒரு மட்டு மரியாத இருக்கா? மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுறா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் பூவைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வாயைப் பற்றித்தான் பேசினார்கள். வெந்த பூ, போன கல்யாணங்கள், பூட்டு எல்லாம் அடிபட்டுப்போய், மூத்தார் முகத்தைப் பார்த்துப் பேசிய தம்பி பெண்டாட்டிதான் அன்றைய வழக்கு. ஓரகத்தி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கூடத்தில் நான் நின்றது ஓர் உலை கொதிக்கும் நேரம் இருக்காது.

அமாவாசைப் பேச்சு அதோடு நின்றது. பட்டறை மறுபடியும் வாளிக்குத் திரும்பியது. பூட்டுப் போட்ட பெட்டிகளில் சிலதை ஓரகத்தி பருப்புப் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார். நல்ல பெட்டி, எறும்பு ஏறுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்.

அன்று சாயங்காலம் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பிசைந்துகொண்டே, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நீ கேட்டதத்தான செஞ்சேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். பெட்டி ஓடிய நாளில் சொல்ல வாய் வராத மனுஷருக்கு, அது கவிழ்ந்த நாளில் வாய் வந்தது. இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் "ரெண்டும் சொல்றதுதான" என்பார்.

கூடச் சேர்ந்து பல வருஷம் வாழ்ந்தோம். பிள்ளைகள் பெற்றோம். அவர் சாகும்வரை என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் கோளாறும் என்னை விட்டுப் போகவில்லை. அடுப்பு ஊதும்போதும், தண்ணீருக்கு நிற்கும்போதும், முறத்தைத் தட்டும்போதும் ஏதாவது தோன்றிக்கொண்டேதான் இருந்தது. அவர் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "என்ன யோசன?" என்று கேட்பார்.

"ஒன்னுமில்ல. குழம்பு ஊத்தவா?" என்பேன்.